ரயில் வராத ஊர்: நிக்கோடீமஸ், கான்சாஸ்

2020 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நிக்கோடீமஸ் என்ற ஊருக்கு நேரே இருக்கும் எண் 14. பதினாலாயிரம் இல்லை, வெறும் பதினாலு பேர்.

கான்சாஸ் மாநிலத்தின் வடமேற்கில், கிரஹாம் கவுண்டியில், 24ஆம் எண் நெடுஞ்சாலை ஓரமாக இருக்கிறது இந்த ஊர். சுற்றிலும் கோதுமை வயல், புல்வெளி. காரில் போகிறவர் ஒரு நிமிஷத்தில் தாண்டிவிடலாம். பழைய கட்டிடங்கள் என்று ஐந்து இருக்கின்றன: இரண்டு தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம், ஒரு ஊர் மண்டபம், ஒரு காலத்தில் ஹோட்டலாக இருந்த வீடு. இந்த ஐந்துக்காக 1996இல் அமெரிக்க அரசு ஊரையே தேசிய வரலாற்றுத் தலமாக அறிவித்தது.

சில வருஷங்களுக்கு முன் அமெரிக்க ரயில்பாதைகளைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பெயரை முதலில் பார்த்தேன். 'ரயில் வராததால் செத்த ஊர்' என்று நோட்டில் ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த ஊருக்குப் போய்விட்டேன். அந்த வரி பாதிதான் சரி என்று இப்போது தோன்றுகிறது. மீதிப் பாதிக்காகத்தான் இந்தக் குறிப்பு.

கதை தொடங்குவது கென்டக்கியில். லிங்கனின் 1863 விடுதலைப் பிரகடனம் கென்டக்கிக்குப் பொருந்தவில்லை. அந்த மாநிலம் பிரிந்துபோகாமல் ஒன்றியத்தின் பக்கமே நின்றதுதான் காரணம். அங்கே அடிமை முறை சட்டப்படி முடிந்தது 1865 டிசம்பரில், அரசியல் சட்டத்தின் 13ஆம் திருத்தம் வந்தபோது. ஆக, 1877இல் அங்கிருந்து கிளம்பிய முப்பது வயசுக்காரர் ஒருவர் தன் ஆயுளில் பாதிக்கும் மேலாக இன்னொருவரின் சொத்தாக இருந்தவர்.

சொத்து என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். 1850, 1860 கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கென்று தனி அட்டவணை இருந்தது. அதில் முதலாளியின் பெயர் இருக்கும். அதன் கீழே வயசு, பால், நிறம். அடிமையின் பெயருக்கு இடமே கிடையாது. தெற்கில் அடிமையாக இருந்த பெரும்பாலோரின் பெயர் முதன்முதலாகக் கணக்கெடுப்பில் ஏறியது 1870இல்தான்.

1877இல் கூட்டாட்சிப் படைகள் தெற்கை விட்டு விலகின. உள்நாட்டுப் போருக்குப் பின் கறுப்பின மக்களுக்குக் கிடைத்திருந்த கொஞ்சநஞ்சப் பாதுகாப்பும் போனது. அதே வருஷம் ஏப்ரலில் கான்சாஸில் நிக்கோடீமஸ் டவுன் கம்பெனி பதிவானது. தலைவர் டபிள்யூ. எச். ஸ்மித் என்ற கறுப்பினப் போதகர். பொருளாளர் டபிள்யூ. ஆர். ஹில் என்ற வெள்ளைக்கார நில வியாபாரி. கென்டக்கியில் தேவாலயம் தேவாலயமாகப் போய் ஆள் சேர்த்தார்கள். நல்ல மண், சொந்த ஊர், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்பது பேச்சு. லெக்சிங்டனில் ஒட்டிய விளம்பரத்தாள் ஐந்து டாலர் கட்டினால் கான்சாஸ் போகலாம் என்றது.

ஊர்ப் பெயர் பைபிளில் வரும் நிக்கொதேமுவிடமிருந்து வந்தது என்று சிலர் சொல்கிறார்கள். அடிமைக் கப்பலில் வந்து, பின்னர் தன் விடுதலையைத் தானே விலை கொடுத்து வாங்கிய ஒருவரின் பெயர் என்பது இன்னொரு கதை.

1877 செப்டம்பரில் முன்னூறுக்கும் மேற்பட்டோர் வந்து சேர்ந்தார்கள். ரயில் எல்லிஸ் என்ற ஊர் வரைதான். அதற்குப் பிறகு நடை. வந்து பார்த்தால் ஊரைக் காணோம். மரமே இல்லாத சமவெளி. முன்னால் வந்தவர்கள் தரையைத் தோண்டிக் குழிவீட்டில் இருந்தார்கள். 1878 வசந்தத்தில் கணவரோடும் குழந்தைகளோடும் வந்த வில்லியானா ஹிக்மன் பின்னாளில் இதை நினைவுகூர்ந்திருக்கிறார். ஆண்கள் 'அதோ நிக்கோடீமஸ்' என்று கத்த, ஊர் எங்கே என்று அவர் தேட, தரையிலிருந்து எழும் புகையைக் காட்டினார்களாம். அந்தம்மா அழுதுவிட்டார்.

முதலில் வந்தவர்களில் பலர் உடனே திரும்பிப் போனார்கள். மீதிப்பேருக்கு முதல் குளிர்காலம் கடுமையாகவே இருந்தது. ஏர் இல்லை, குதிரைகள் மிகக் குறைவு, கையில் காசும் இல்லை. வேட்டை முடித்துத் திரும்பிக்கொண்டிருந்த ஓசேஜ் பழங்குடியினர் தங்கள் இறைச்சியில் பங்கு கொடுத்ததால்தான் பிழைத்தோம் என்று அந்த ஊர்க் குடும்பங்கள் இன்றும் சொல்கின்றன. ஓசேஜ் மக்களையே கான்சாஸிலிருந்து அரசு வெளியேற்றி அப்போது பத்து வருஷம்கூட ஆகவில்லை என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

அவர்களைப் பிடித்து நிறுத்தியது 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டம். கட்டணம் கட்டிப் பதிவு செய்து, ஐந்து வருஷம் குடியிருந்து பயிர் செய்தால் 160 ஏக்கர் சொந்தம். மண்வெட்டியால் புல்தரையைக் கொத்தி விதைத்தவர்களும் உண்டு. சக்கரி பிளெட்சர் அஞ்சலகமும் ஹோட்டலும் நடத்தினார். அவர் மனைவி ஜென்னி பிளெட்சர் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். 1878இல் வந்து சேர்ந்த எட்வர்ட் மெக்கேப் 1882இல் மாநிலத்தின் கணக்குத் தணிக்கையாளராகத் தேர்வானார். கான்சாஸ் முழுக்க ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த பதவி அது. விடுதலை கிடைத்து இருபது வருஷம்கூட ஆகாத காலம்.

1880களின் நடுவில் ஊர் களைகட்டியது. கடைகள், தேவாலயங்கள், இரண்டு செய்தித்தாள். குறையாக இருந்தது ரயில் மட்டும்தான். அந்தச் சமவெளியில் ரயில் இல்லையென்றால் விளைந்ததை வண்டி கட்டித் தூரத்து நிலையத்துக்குக் கொண்டுபோக வேண்டும். வண்டிக்கூலியிலேயே லாபம் போய்விடும். 1887இல் ஊர்க்காரர்கள் ரயில் கம்பெனியை ஈர்க்க 16,000 டாலர் கடன் பத்திரத்துக்கு ஓட்டுப் போட்டார்கள். மிசௌரி பசிபிக் கம்பெனி அளந்து பார்த்ததோடு சரி, வரவில்லை. 1888இல் யூனியன் பசிபிக் வந்தது, ஆனால் சாலமன் ஆற்றுக்குத் தெற்கே, சில மைல் தள்ளி.

பாதை போட வந்தவர்களின் முகாம் போக் என்ற புது ஊரானது. நிக்கோடீமஸ் வியாபாரிகள் ஒவ்வொருவராக அங்கே போனார்கள். சிலர் கடைக் கட்டிடத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். செய்தித்தாள்கள் நின்றன. கென்டக்கியில் ஆள் சேர்த்த ஹில் இருக்கிறாரே, அவர் பெயரில் மேற்கே ஹில் சிட்டி என்று ஒரு ஊர் உண்டு. அதற்கு ரயில் கிடைத்தது, கவுண்டித் தலைநகரமும் ஆனது!

என் பழைய குறிப்பு இங்கேதான் நின்றது. ஆனால் போனது கடைகள். கடையை வண்டியில் ஏற்றலாம், 160 ஏக்கரை ஏற்ற முடியாது. விவசாயிகள் பெரும்பாலும் அங்கேயே இருந்தார்கள். ரயில் போன பிறகு எழுந்தவைதான் இன்று நாம் பார்க்கும் பல கட்டிடங்கள்: 1907இல் பாப்டிஸ்ட் தேவாலயம், 1918இல் பள்ளிக்கூடம், 1939இல் ஊர் மண்டபம். செத்துப்போன ஊர் முப்பது வருஷம் கழித்துப் பள்ளிக்கூடம் கட்டாது, இல்லையா?

ஊரை உண்மையில் கரைத்தது 1930களின் வறட்சியும் புழுதிப் புயலும் பொருளாதார மந்தமும். பிள்ளைகள் டென்வர், டொபீகா, கலிபோர்னியா என்று வேலை தேடிப் போனார்கள். 1953இல் அஞ்சலகம் மூடியது. வெள்ளையர் கட்டிய சமவெளி ஊர்களும் நூற்றுக்கணக்கில் இதே மாதிரிதான் கரைந்தன.

ஆனால் நிக்கோடீமஸில் ஒரு வழக்கம் மட்டும் நிற்கவில்லை. மேற்கிந்தியத் தீவுகளில் அடிமைகள் விடுதலையான ஆகஸ்ட் 1ஐ ஆரம்ப காலம் முதலே கொண்டாடினார்கள். இப்போது அதுவே ஜூலைக் கடைசியில் வரும் 'ஹோம்கமிங்'. முதல் குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் கொள்ளுப்பேரன்களும் நூற்றுக்கணக்கில் வந்து சேருகிறார்கள். ஊர்வலம், ஆராதனை, சாப்பாடு, யார் யாருக்கு என்ன உறவு என்ற பேச்சு.

தாத்தாவின் பெயரையே எழுதாமல் விட்ட அதே கணக்கெடுப்பு இன்று ஊரைப் பதினாலு என்கிறது. எண் சரிதான். ஆனால் ஜூலைக் கடைசியில் அங்கே வந்து நின்று 'இது எங்க ஊர்' என்று சொல்பவர்களை எண்ண அதில் கட்டமே இல்லை. என் நோட்டில் இருந்த வரியை அடித்துவிட்டேன். இப்போது அங்கே 'ரயில் வரவில்லை, நிலம் இருந்தது' என்று எழுதி வைத்திருக்கிறேன்.