காதிஸ்: வெள்ளி வந்து போன ஊர்

போன ஜூன் மாசம் குடும்பத்தோடு ஸ்பெயின் போய் வந்தோம். நாக்பூர் பேங்க் ஆபீசருக்கு ஸ்பெயினா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். மூத்த மகள் செவில் நகரத்தில் மேல்படிப்பு படிக்கிறாள். அவளைப் பார்க்கிற சாக்கில், அங்கிருந்து ரயிலில் இரண்டு மணி நேரத்துக்குள் இருக்கும் காதிஸ் என்ற கடற்கரை ஊரில் நாலு நாள் தங்கினோம்.

பழைய ஊரின் கடற்கரைக்கு லா கலேத்தா என்று பெயர். பிறை மாதிரி வளைந்த மணல், இரண்டு முனையிலும் இரண்டு கோட்டை. அதில் சாந்தா கத்தலீனா என்பது, 1596-ல் ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் வந்து ஊரைக் கொள்ளையடித்துக் கொளுத்திவிட்டுப் போன பிறகு எழுப்பியது. 2002-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ஹாலி பெர்ரி கடலிலிருந்து எழுந்து வருவாரே, அது இங்கேதான். படத்தில் கியூபா என்று காட்டியிருப்பார்கள்! சின்னவன் தண்ணீரை விட்டு வரவில்லை. தங்கமணி கொண்டு வந்த புளிக்காய்ச்சல் நாலு நாளும் கை கொடுத்தது.

சரி, விஷயத்துக்கு வருவோம். ஃபினீசிய வணிகர்கள் உண்டாக்கிய ஊர் இது. கி.மு. 1104 என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு. தோண்டிப் பார்த்ததில் கிடைத்த தடயங்கள் கி.மு. 9, 8-ஆம் நூற்றாண்டைக் காட்டுகின்றன. ஆனால் பி.காம். படித்த எனக்குப் பிடித்தது 18-ஆம் நூற்றாண்டுக் கதைதான்.

ஸ்பெயின் தன் அமெரிக்க வியாபாரம் முழுவதையும் ஒரே அலுவலகத்தின் பிடியில் வைத்திருந்தது. 1503-ல் செவிலில் தொடங்கிய அலுவலகம் அது. செவில் ஆற்றங்கரை ஊர். ஆற்றில் மணல் சேர்ந்தது, கப்பல்களும் பெரிதாயின. 1717-ல் அலுவலகத்தைக் காதிஸுக்கு மாற்றினார்கள். மெக்ஸிகோ, பெரு வெள்ளியெல்லாம் இங்கே வந்து இறங்கியது.

பேங்க்காரர்களுக்குப் புரியும்படி சொன்னால், காதிஸ் ஒரு கரன்சி செஸ்ட். செஸ்ட்டில் கோடிக்கணக்கில் இருக்கும், ஆனால் அது கிளையின் பணம் இல்லை, ரிசர்வ் வங்கியின் பணம். இங்கேயும் அப்படித்தான். அரசர் பங்கு போருக்கும் கடனுக்கும் போனது. மீதியில் பெரும்பகுதியைப் பிரெஞ்சு, ஆங்கில, டச்சு வியாபாரிகள் சரக்கு விற்று வாங்கிப் போனார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி நம் சோழமண்டலக் கரையில் துணி வாங்கக் கப்பலில் கொண்டு வந்ததும் பெரும்பாலும் இந்த அமெரிக்க வெள்ளிதான்.

1778-ல் மற்ற ஸ்பானியத் துறைமுகங்களுக்கும் அனுமதி கிடைத்தது. 1797-ல் ஆங்கிலக் கடற்படை முற்றுகை. 1820-களுக்குள் பெரும்பாலான அமெரிக்கக் காலனிகள் கைவிட்டுப் போயின. வெள்ளி நின்றது.

நின்றுபோகாமல் இருப்பவை கோபுரங்கள். கப்பல் வருகிறதா என்று பார்க்க வியாபாரிகள் வீட்டு மொட்டை மாடியில் கட்டியவை, இன்றும் நூற்றுக்கு மேல் இருக்கின்றன. 1778-ல் துறைமுகத்தின் அதிகாரபூர்வக் காவல் கோபுரமான தவீரா கோபுரத்தில் ஏறினோம். மேலே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மகள் மெதுவாகச் சொன்னாள்: "படிப்பு முடிஞ்சதும் இங்கயே வேலை தேடலாம்னு இருக்கேன்ப்பா."

தங்கமணி என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு உடனே பதில் வரவில்லை.

2001-ல் வேலை கிடைத்து மாயவரத்திலிருந்து நாக்பூர் வந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எஸ்.டி.டி. பூத்திலிருந்து பேசுவேன். அந்த ஒரு போனுக்காக அம்மா ஏழு மணிக்கே பக்கத்து வீட்டில் போய் உட்கார்ந்திருப்பாள். வீட்டுக்கு அனுப்பிய ஒவ்வொரு ரூபாய்க்கும் என்னிடம் கணக்கு உண்டு. அவள் காத்திருந்த நேரத்தை நான் எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை.

"தேடிப் பாரும்மா. ஞாயித்துக்கிழமை மட்டும் தவறாம போன் பண்ணு" என்றேன்.

கீழே இறங்கியதும் மாயவரத்துக்குப் போன் போட்டேன். அங்கே ராத்திரி ஒன்பதரை. முதல் மணியிலேயே எடுத்தாள்.

"சாப்பிட்டியாடா? புள்ளைங்கள கடல்ல ரொம்ப உள்ள போக விடாத."