வண்ணமும் மறைப்பும்: கிரீன்பிரையர் விடுதியின் உள்ளலங்காரம் ஒரு வரலாற்றுச் சான்றாக

ஆய்வுச் சுருக்கம்

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்திலுள்ள கிரீன்பிரையர் பெருவிடுதி, எடுப்பான வண்ணங்கள் கொண்ட உள்ளலங்காரத்தால் புகழ்பெற்றது. அவ்வலங்காரத்தை அழகியல் நோக்கில் மட்டும் மதிப்பிடுவது போதாது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இருபதாம் நூற்றாண்டில் இவ்விடுதியை அரசு இருமுறை தன் தேவைக்குப் பயன்படுத்தியது. முதன்முறை அப்பயன்பாட்டின் தடயத்தை வண்ணம் நீக்கியது; மறுமுறை நடப்பிலிருந்த பயன்பாட்டையே மறைத்தது. இவ்விரு செயல்களையும் வேறுபடுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கிரீன்பிரையர், டோரதி டிரேப்பர், உள்ளலங்காரம், சீட்டித் துணி, பனிப்போர்

முன்னுரை

வரலாற்று ஆய்வில் கட்டடம் சான்றாக ஏற்கப்படும் அளவிற்கு அதன் உட்பூச்சும் திரைச்சீலையும் ஏற்கப்படுவதில்லை. அவை அடிக்கடி மாற்றப்படுவதே இதற்குக் காரணம். ஆயினும், எப்போது, யாரால், எதன்மீது அவை மாற்றப்பட்டன என்னும் வினாக்களை எழுப்பினால், அம்மாற்றமே சான்றாகிவிடுகிறது.

நீராடு தலத்திலிருந்து பெருவிடுதி வரை

அலெகெனி மலைப்பகுதியிலுள்ள ஒயிட் சல்ஃபர் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரின் கந்தக ஊற்று நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையால், பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதலே மக்கள் அங்கு வந்து தங்கினர். உள்நாட்டுப் போருக்கு முன்னர்த் தென்மாநிலத் தோட்ட முதலாளிகள் கோடைதோறும் அங்குக் கூடினர். அவர்களது ஓய்வு, அடிமைப்படுத்தப்பட்ட கறுப்பின மக்களின் உழைப்பால் அமைந்ததாகும். 1858-இல் அங்கு ஒரு பெரிய விடுதி எழுந்தது. 1910-இல் அவ்விடத்தை விலைக்கு வாங்கிய செசபீக் அண்ட் ஓஹையோ இருப்புப்பாதை நிறுவனம் 1913-இல் கிரீன்பிரையர் என்னும் புதிய கட்டடத்தைத் திறந்தது. பழைய கட்டடம் 1922-இல் இடிக்கப்பட்டது.

மருத்துவமனையும் புதிய வண்ணமும்

1941 டிசம்பரில் அமெரிக்கா போரில் இறங்கியதும், ஜெர்மனி, ஜப்பான் முதலிய நாடுகளின் தூதரக அலுவலர்கள் இவ்விடுதியில் காவலில் தங்கவைக்கப்பட்டனர். 1942-இல் தரைப்படை விடுதியை விலைக்கு வாங்கி ஆஷ்ஃபோர்டு பொது மருத்துவமனையாக மாற்றியது. 1946 வரை 24,000-க்கும் மேற்பட்ட வீரர்கள் அங்குச் சிகிச்சை பெற்றனர். போர்க்கைதிகளும் அவ்வளாகத்தில் பணியில் அமர்த்தப்பட்டனர்.

1946-இல் விடுதியை மீட்டு வாங்கிய இருப்புப்பாதை நிறுவனம், அதன் உள்ளலங்காரம் முழுவதையும் டோரதி டிரேப்பரிடம் (1889–1969) ஒப்படைத்தது. கறுப்பும் வெள்ளையும் மாறிமாறி அமைந்த சதுரங்கத் தளம், அகன்ற பட்டைகள் கொண்ட சுவர், அடர்பச்சையும் இளஞ்சிவப்பும் அடுத்தடுத்து வரும் கூடங்கள், ரோடோடென்ட்ரான் மலர்கள் பெரிதாகப் பரவிய சீட்டித் திரைகள் என அவர் அமைத்த அலங்காரம் 1948 ஏப்ரலில் விருந்தினர்முன் திறந்துவைக்கப்பட்டது. இப்பணிக்கு 30 மைல் நீளக் கம்பளமும், 45,000 கஜம் துணியும், 15,000 சுருள் சுவர்த்தாளும் செலவாயின என்பது விடுதி தன்னைப் பற்றிக் கூறும் கணக்கு.

இப்பாணி மருத்துவமனையை மறக்கடிப்பதற்கென்றே உருவாக்கப்பட்டதன்று. போருக்கு முன்னரே வேறு விடுதிகளிலும் டிரேப்பர் இதனைக் கையாண்டிருந்தார். எனவே ஆராயத்தக்கது பாணியின் தோற்றமன்று. அது இங்கு ஆற்றிய பணியே. ஓர் அறையையோ ஒரு கூடத்தையோ மட்டும் புதுப்பிக்காமல் கட்டடத்தின் உட்பரப்பு முழுவதையும் மூடியதால், நோயாளிகளின் படுக்கைகள் நிறைந்திருந்த கூடங்களில் அந்நான்காண்டுகள் கண்ணுக்குப் புலப்படாமற் போயின. அங்குத் தங்கிய விருந்தினர் போருக்கு முந்தைய தென்னாட்டு மாளிகை வாழ்வின் கனவொன்றைக் கண்டார். அவ்வாழ்வைத் தாங்கிய அடிமை உழைப்பும் அக்கனவில் இடம்பெறவில்லை.

டிரேப்பர் பயன்படுத்திய சீட்டித் துணிக்கும் மறைந்த வரலாறு ஒன்று உண்டு. சோழமண்டலக் கரையின் வண்ணந்தீட்டிய பருத்தித் துணிகள் பதினேழாம் நூற்றாண்டில் ஐரோப்பியச் சந்தையை ஈர்த்தன. உள்நாட்டு நெசவைக் காக்க பிரான்சு 1686-இலும், இங்கிலாந்து 1700, 1721 ஆகிய ஆண்டுகளிலும் அவற்றுக்கு எதிராகச் சட்டங்கள் இயற்றின. பின்னர் ஐரோப்பிய ஆலைகள் அதனைத் தம் பொருளாக்கிக்கொண்டன. ஆங்கிலேய நாட்டுப்புற மாளிகையின் அடையாளமாக அமெரிக்காவை அடைந்தபோது, அத்துணியின் கைவினை மூலம் பெரிதும் மறக்கப்பட்டிருந்தது.

சுவர்த்தாளின் பின்னிருந்த கதவு

இரண்டாம் மறைப்பு திட்டமிட்டே செய்யப்பட்டது. அணுப்போர் மூண்டால் அமெரிக்க நாடாளுமன்றம் தொடர்ந்து இயங்குவதற்கான நிலவறை ஒன்று, 1958-க்கும் 1962-க்கும் இடையில் விடுதியின் புதிய பகுதியோடு சேர்த்துக் கட்டப்பட்டது. ஆயிரத்திற்கும் மேற்பட்டோர் உறங்குவதற்குரிய கட்டில்கள் அதில் இருந்தன. அதனைப் பராமரித்தோர் தொலைக்காட்சி பழுதுபார்ப்போராக விடுதியில் உலவினர்.

அந்நிலவறையின் ஒரு பகுதி விருந்தினர் நாள்தோறும் நடமாடும் கண்காட்சிக் கூடமாகவே அமைந்திருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. அதன் வாயிலிலிருந்த வெடிகாப்புக் கதவு, சுவர்த்தாள் ஒட்டிய மடக்குத் தடுப்பொன்றின் பின்னே நின்றது. எங்கும் வண்ணக்கோலம் நிறைந்த விடுதியில் இன்னுமொரு வண்ணச்சுவர் யாருக்கும் ஐயம் எழுப்பவில்லை. வெறுமையான சுவரே அங்கு வேறுபட்டுத் தெரிந்திருக்கும். 1992 மே 31 அன்று வாஷிங்டன் போஸ்ட் இதழில் டெட் கப் எழுதிய கட்டுரை வெளிவந்த பின்னரே இச்செய்தி பொதுமக்களுக்குத் தெரியவந்தது. அத்துடன் நிலவறையின் பயனும் முடிவுற்றது. இன்று அது கட்டணம் செலுத்திப் பார்க்கும் காட்சியிடமாகிவிட்டது.

முடிவுரை

1948-இன் வண்ணம் கடந்துபோனதை நீக்கியது. பனிப்போர்க் காலச் சுவர்த்தாள் நிகழ்ந்துகொண்டிருந்ததை மறைத்தது. முன்னது வணிகத் தேவை. பின்னது அரசின் ஆணை. நோக்கம் வேறாயினும், முன்னது நிலைநாட்டிய பார்வைப் பழக்கமே பின்னதற்கு ஏற்ற சூழலாயிற்று எனலாம். மறைப்பு என்பது இருளையும் வெறுமையையும் மட்டுமே நாடுவதன்று; மிகுந்த வண்ணமும் அதற்குப் பயன்படும். ஆதலின் அரண்மனை, விடுதி, அரசு மாளிகை ஆகியவற்றை ஆராய்வோர், உள்ளலங்காரம் எதைக் காட்டுகிறது என்பதோடு, அது எதன்மீது போர்த்தப்பட்டது என்பதையும் வினவுதல் வேண்டும்.