இரண்டு மணி நேரக் கணக்கு

முதுகில் ஸ்பிரிட் தடவி, பவுடர் போட்டு, சிவந்த இடத்தை வட்டமாகத் தேய்த்துவிடுவது ஒரு தலைமுறைச் செவிலியர் கற்ற முதுகுப் பராமரிப்பு. பரிவோடு செய்த வேலைதான். ஆனால் சிவந்த தோலுக்கு அடியில் நுண்குழாய்கள் ஏற்கெனவே நசுங்கியிருக்கக்கூடும். தேய்த்தால் காயம் பெருகும். படுக்கைப்புண்ணைத் தடுக்கத் தேய்க்க வேண்டாம் என்று மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் இங்கிலாந்தின் நைஸ் நிறுவனம் 2014இல் சொல்லிவிட்டது. கைப்பழக்கம் விடுவதுதான் பாடு.

இன்னொரு பழக்கம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நோயாளியைப் புரட்டிப் படுக்கவைப்பது. இதன் கதை சுவையானது; அது அளவுகோல்களில் தொடங்குகிறது. யாருக்குப் புண் வரும் என்று முன்கூட்டி மதிப்பிட, டோரீன் நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் செவிலியர் 1962இல் ஓர் அளவுகோலைத் தந்தார். பார்பரா பிரேடனும் நான்சி பெர்க்ஸ்ட்ராமும் 1987இல் வெளியிட்ட பிரேடன் அளவுகோல் உணர்வு, ஈரம், நடமாட்டம், அசைவு, உணவு, உராய்வு என ஆறைப் பார்த்தது. 1992இல் அமெரிக்க அரசு வெளியிட்ட படுக்கைப்புண் தடுப்பு வழிகாட்டுதலை எழுதிய குழுவின் தலைவர் இதே பெர்க்ஸ்ட்ராம். ஒவ்வொரு பரிந்துரைக்கும் ஏ, பி, சி என ஆதாரத் தரம் குறித்தார்கள். எது சோதித்தது, எது அனுபவச் சொல் என்று படிப்பவருக்குத் தெரிந்தது. என் கணக்கில் அந்த ஆவணத்தின் பெரிய நேர்மை அந்த எழுத்துகளில்தான் இருக்கிறது. குறைந்தது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டச் சொன்னதும் அதே ஆவணம்.

அந்த விதியைச் சோதித்தவரும் பெர்க்ஸ்ட்ராமே. அமெரிக்க, கனடிய முதியோர் இல்லங்களில் 942 பேரை 2, 3, 4 மணி இடைவெளிகளில் மூன்று வாரம் புரட்டிப் பார்த்த ஆய்வு 2013இல் வந்தது. புண் வந்தவர் 19 பேர். இடைவெளிகளுக்கிடையே சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. தான் எழுதிய விதியைத் தானே உரசிப் பார்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்?

ஆனால் அந்த 942 பேரும் அடர்த்தியான நுரை மெத்தையில் படுத்திருந்தார்கள். மெத்தையை விட்டுவிட்டு நான்கு மணியை மட்டும் எடுத்துவந்தால் ஆபத்து. வழிகாட்டுதல் குழுவில் எல்லாத் துறையினரும் உட்கார வேண்டியது இதற்காகத்தான்: கட்டிலின் தலைப்பக்கத்தை அதிகம் உயர்த்தினால் உடல் சரிந்து தோல் இழுபடும் என்பது இயன்முறை மருத்துவருக்குத் தெரியும், புரதக் குறையை உணவியலாளர் கண்டுபிடிப்பார். எந்த மெத்தை இருக்கிறது, இரவுப் பணியில் எத்தனை கைகள் இருக்கின்றன என்பதை வார்டுச் செவிலியரிடம்தான் கேட்க வேண்டும். நம் அரசு மருத்துவமனைகளில் புரட்டுகிற கை பெரும்பாலும் நோயாளியின் மகளுடையது. அவளுக்கும் புரிகிற மொழியில் ஒரு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.