தொழிலாளரை அறியும் கல்வி

மனிதவள முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டம் பெற விரும்பும் மாணவர், ஆட்களைத் தெரிவு செய்யவும் சம்பளத் திட்டம் வகுக்கவும் கற்றாற் போதாதா? தொழிற் சட்டம், கூட்டுப் பேரம், நிறுவன உளவியல், புள்ளிவிபரவியல் என்று இத்தனை பாடங்கள் எதற்கு? இவ்வாறு வினவுவோர் பலர். இதற்கான விடையை அமெரிக்க நாட்டின் தொழில் வரலாற்றிலே காணலாம்.

1911 ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் 25 ஆம் நாள், நியூயோர்க் நகரில் ரையாங்கிள் என்னும் ஆடைத் தொழிற்சாலையிலே தீப் பற்றியது. பத்து மாடிக் கட்டிடமொன்றின் மேல் மூன்று மாடிகளில் அத்தொழிற்சாலை இயங்கியது. ஒன்பதாம் மாடியில் வெளியேறும் கதவொன்று பூட்டப்பட்டிருந்தது. தீயணைப்போரின் ஏணியோ அவ்வுயரத்தை எட்டவில்லை. 146 பேர் மாண்டனர். அவர்களுட் பெரும்பாலார் பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து வந்த இளம் பெண்கள். அவர்கள் சாளரங்களினின்றும் குதித்து மடிந்ததை வீதியில் நின்று கண்டவர்களுள் ஒருவர் பிரான்சஸ் பேர்க்கின்ஸ் அம்மையார்.

அக்காட்சியை அம்மையார் மறக்கவில்லை. தொழிற்சாலைகளின் நிலையை ஆராய நியூயோர்க் மாநிலம் அமைத்த ஆணைக்குழுவின் பணியில் அவர் பங்குகொண்டார். 1933 இல் நாட்டின் தொழில் அமைச்சரானார். அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதற் பெண்மணி அவரே. அவர் பதவியிலிருந்த காலத்தில், 1935 இல், தொழிற்சங்கம் அமைத்துக் கூட்டாகப் பேரம் பேசும் உரிமையைச் சட்டம் உறுதிசெய்தது. அதன் பின்னர், சட்டமறியாத ஒருவர் தொழிலாளரோடு பேச அமர்வது இயலாததாயிற்று.

உளவியல் வந்த வழி வேறு. சிக்காகோவை அடுத்த ஹோதோர்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல சோதனைகள் நடைபெற்றன. வெளிச்சத்தின் அளவு வேலையைக் கூட்டுமா, குறைக்குமா என்று அறியவே அவை தொடங்கப்பட்டன. நாளடைவில், தொழிலாளரின் மனநிலையும் அவர்தம் குழுவுறவும் ஆராய்ச்சிப் பொருளாயின. ஆயினும், அச்சோதனைகளின் எண்களை மீண்டும் கணித்த பிற்கால அறிஞர், பழைய முடிவுகள் சிலவற்றை ஐயுற்றனர். மனிதரைப்பற்றிச் சொல்லப்படும் முடிவு எதனையும் அளந்து பார்த்தல் வேண்டும் என்பதற்கு இதுவே சான்று. புள்ளிவிபரவியல் கட்டாய பாடமாவதன் நியாயமும் இதனால் விளங்கும்.

1945 இல் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் கைத்தொழில், தொழிலாளர் உறவுகளுக்கென ஒரு தனிக் கல்லூரி தோன்றியது. முதலாளிமார்க்கும் தொழிற்சங்கத்தார்க்கும் பொதுவான கல்வியிடமாக அது அமைந்தது. அங்கே 1957 முதல், 1965 இல் தாம் மறையும் வரை, விரிவுரை நிகழ்த்தியவர் பேர்க்கின்ஸ் அம்மையார். ரையாங்கிள் தீவிபத்துப் பற்றிய ஆவணங்களும் அக்கல்லூரியின் சுவடிக்கூடத்திலேயே பேணப்பட்டு வருகின்றன.

நேயர்களே, பாடத்திட்டம் என்பது அலுவலகத்தில் அமர்ந்து சிலர் எழுதிய வெறும் பட்டியலன்று. பூட்டிய கதவின் பின்னே மடிந்தோரின் நினைவும் அதிலே கலந்திருக்கின்றது. பிறருடைய உழைப்பை நடத்தும் பொறுப்பை ஏற்கவிருப்பவர், தொழிற் சட்டத்தைப் பரீட்சைக்காக மாத்திரம் படித்து மறந்துவிடுதல் தகாது.