முதல் நாய் வளர்க்கப் போகிறீர்களா? குட்டியைத் தூக்கி வருமுன் யோசிக்க வேண்டியவை

தோட்டத்தில் நாய் வளர்ப்பதை யாரும் யோசித்துச் செய்ததில்லை. லயத்தின் பின்புறம் ஒரு பெட்டை நாய் குட்டி போடும். பிள்ளைகள் ஆளுக்கொன்றாய்த் தூக்கிக்கொண்டு போவார்கள். மிச்சச் சோற்றையும் மீன் குழம்பையும் தின்று அது வளரும். ஊசியும் கிடையாது, உரிமமும் கிடையாது. பத்துக் குட்டியில் இரண்டு பிழைத்தால் அதிகம். மற்றவை ஏன் செத்தன என்று யாரும் கேட்டதும் இல்லை.

இப்போது நம்மில் பலர் தாமான் வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். பத்தடி தூரத்தில் பக்கத்து வீட்டுச் சன்னல் இருக்கிறது. வாசலுக்கு வெளியே கார் ஓடும் சாலை. நாய் மட்டும் அதே நாய்தான். அதற்கு ஓட இடம் வேண்டும், கூட ஆள் வேண்டும். ஆகவே முதல் நாயை வாங்குமுன் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்து பேச வேண்டியது அவசியம்.

ஒரு நாய் 10 முதல் 15 ஆண்டுகள் வரை வாழும். முதலாம் ஆண்டில் படிக்கும் மகன் ஆசைப்பட்டுக் கேட்கிறான் என்று வாங்கினால், அவன் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகும் அது உங்கள் வீட்டில் இருக்கும். அப்போது காலையில் எழுந்து அதை நடத்திக்கொண்டு போவது யார்? பெரும்பாலான வீடுகளில் பதில் அம்மாதான். எனவே மகன் கேட்டான் என்பதோடு நிறுத்தாமல், அம்மாவுக்குச் சம்மதமா என்றும் கேட்டுவிடுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது

நாய்க்கு உரிமம் எடுப்பது உங்கள் பகுதி ஊராட்சி மன்றத்தில். மாநகர் மன்றமோ நகராண்மைக் கழகமோ மாவட்ட மன்றமோ, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விதிகள் உண்டு. கட்டணம் பெரிய தொகையல்ல. பல இடங்களில் ஆண்டுக்கு ஒரு நாய்க்கு 10 வெள்ளிதான். வரிசை வீட்டுக்கு இரண்டு நாய்கள் என்ற வரம்பைப் பல மன்றங்கள் வைத்திருக்கின்றன. ரோட்வைலர், டோபர்மேன், ஜெர்மன் ஷெப்பர்ட் போன்ற இனங்களுக்குக் கூடுதல் நிபந்தனைகள் இருக்கலாம். பிட்புல், அகிடா, தோசா போன்றவற்றை நாட்டுக்குள் இறக்குமதி செய்யவே தடை உண்டு. குட்டியை வாங்கிய பிறகு மன்றத்துக்குப் போகாதீர்கள். வாங்குமுன் ஒருமுறை கேட்டுவிடுங்கள்.

உரிமம் எடுத்தால் ஒரு வில்லை தருவார்கள். அதைக் கழுத்துப் பட்டையில் மாட்டி வைப்பதில்தான் விஷயம் இருக்கிறது. வில்லை இல்லாமல் தெருவில் திரியும் நாயை அமலாக்க அதிகாரிகள் தெரு நாயாகவே பார்ப்பார்கள். பிடித்துக்கொண்டு போன பிறகு சில நாள்களுக்குள் யாரும் மீட்க வராவிட்டால் அதன் கதை முடிந்துவிடும். பட்டையில் உங்கள் தொலைபேசி எண்ணையும் எழுதி வையுங்கள்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் முதலில் நிர்வாகத்திடம் கேட்க வேண்டும். பெரும்பாலான மலிவு விலை அடுக்குமாடிகளில் நாய்க்கு அனுமதியில்லை. ‘யாருக்கும் தெரியாமல் வளர்க்கலாம்’ என்பது நடக்காத காரியம். குரைக்காத நாய் உண்டா? புகார் வந்ததும் குட்டியை எங்காவது கொண்டு போய் விட நேரிடும். அனுமதி இல்லாத வீட்டில் இருப்பவர்கள், சொந்தத் தரைவீடு கிடைக்கும்வரை ஆசையை ஒத்திப் போடுவதே நல்லது.

2015ஆம் ஆண்டின் விலங்குநலச் சட்டம் பலருக்கும் தெரிவதில்லை. விலங்கைக் கொடுமைப்படுத்துவோருக்குக் குறைந்தது 20,000 வெள்ளி முதல் 100,000 வெள்ளி வரை அபராதம் அல்லது மூன்றாண்டுவரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கலாம் என்கிறது அது. அடிப்பது மட்டுமே கொடுமை என்று நினைத்துவிடக் கூடாது. உணவு, தண்ணீர், தங்கும் இடம், நோய்க்குச் சிகிச்சை ஆகியவற்றைக் கொடுப்பதும் உரிமையாளரின் கடமை என்பதே சட்டத்தின் நிலை.

பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை

இதைச் சட்டத்தைவிட முக்கியம் என்பேன். நம் தாமான்களில் மலாய், சீன, இந்தியக் குடும்பங்கள் ஒரே வரிசையில் வாழ்கின்றன. நாயின் எச்சிலோ ஈரமான உடலோ பட்டுவிட்டால் முஸ்லிம் அன்பர்கள் ஏழு முறை கழுவித் தூய்மை செய்ய வேண்டும். அதில் ஒருமுறை மண் கலந்த நீர். அது அவர்களின் சமய நெறி. நாயின் மீதோ உங்கள் மீதோ வெறுப்பு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். குட்டி வருமுன் பக்கத்து வீட்டு பாக்சிக்கைப் பார்த்து, “நாங்கள் நாய் வளர்க்கப் போகிறோம், கேட்டைச் சாத்தியே வைப்போம், ஏதாவது தொந்தரவு என்றால் எங்களிடமே சொல்லுங்கள்” என்று சொல்லிவிட்டால் பாதிப் பிரச்சினை அன்றே தீர்ந்துவிடும். மன்றத்துக்குப் போகும் புகார்களில் பல, நேரில் பேசியிருந்தால் வந்தே இருக்காது.

அதற்காகக் கேட்டில் குட்டி நுழையும் இடைவெளி இருந்தால் வலை அடித்துவிடுங்கள். நடக்கக் கூட்டிப் போகும்போது கழுத்தில் கயிறும் கையில் பிளாஸ்டிக் பையும் இருக்கட்டும். அடுத்தவர் வாசலில் நாய் அசிங்கம் செய்துவிட்டுப் போவதை எந்த இனத்தவரும் பொறுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எந்த நாய், எங்கிருந்து

நம் வெயிலுக்கும் மழைக்கும் நாட்டு நாய்தான் பொருத்தம் என்பது என் கருத்து. முடி அடர்ந்த ஹஸ்கியை ஜிங்க் கூரைக்கு அடியில் கட்டிவைப்பது பாவம். மூக்குச் சப்பையான இனங்கள் வெப்பத்தில் மூச்சுத் திணறிப் போகும்; அவற்றுக்கு மருத்துவச் செலவும் அதிகம். காவலுக்குத்தான் நாய் என்றால், நாட்டு நாயைவிட நன்றாகக் குரைப்பது எதுவும் இல்லை.

கடையில் விலை கொடுத்து வாங்குமுன் காப்பகங்களைப் போய்ப் பாருங்கள். சிலாங்கூர், பினாங்கு, ஈப்போ ஆகிய இடங்களில் விலங்கு வதைத் தடுப்புச் சங்கங்கள் இயங்குகின்றன. சுபாங்கில் பாவ்ஸ் காப்பகம் இருக்கிறது. முதல்முறை வளர்ப்பவர்களுக்கு ஒன்றிரண்டு வயதான நாய் நல்ல தேர்வு. அதன் குணம் தெரிந்துவிட்டிருக்கும், இரவெல்லாம் அழாது, செருப்பைக் கடித்துக் குதறும் வயதும் பெரும்பாலும் தாண்டியிருக்கும்.

குட்டிதான் வேண்டும் என்றால் எட்டு வாரம் ஆகாததை எடுக்காதீர்கள். தாயோடும் உடன்பிறந்தவையோடும் இருக்கும் அந்த நாள்களில்தான் எவ்வளவு பலமாகக் கடிக்கலாம் என்பதைக்கூட அது கற்றுக்கொள்கிறது. கண் தெளிவாக, மூக்கு ஒழுகாமல், வயிறு உப்பாமல் இருக்கிறதா என்று பாருங்கள். வயிறு மட்டும் பானைபோல் இருந்தால் பெரும்பாலும் குடற்புழுதான்.

ஊசியும் நோயும்

முதல் வாரமே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போக வேண்டும். ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் ஊசி, பிறகு மூன்று நான்கு வாரங்களுக்கு ஒருமுறை, ஏறத்தாழ நான்கு மாத வயதுவரை போட வேண்டும். பார்வோ, டிஸ்டெம்பர் ஆகிய இரண்டு கொடிய நோய்களிலிருந்து இவை காக்கும். பார்வோ வந்த குட்டி ரத்தமாய்ப் பேதியாகி இரண்டு மூன்று நாளில் செத்துப் போகலாம். தோட்டத்தில் ‘கழிச்சல் வந்து போச்சு’ என்று சொன்னதெல்லாம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருந்திருக்கும். அந்தக் கிருமி மண்ணில் பல மாதங்கள் உயிரோடு கிடக்கும். ஆகவே ஊசிகள் முடியும்வரை குட்டியைத் தெருவில் இறக்கி விடாதீர்கள். பார்வோவில் ஒரு குட்டி இறந்த வீட்டுக்கு உடனே இன்னொரு குட்டியைக் கொண்டு வராதீர்கள்.

வெறிநோய் ஊசி மூன்று மாதத்துக்குப் பிறகு. மலேசியா 2012இல் வெறிநோய் அற்ற நாடாக அறிவிக்கப்பட்டது. 2015இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது மீண்டும் தலைகாட்டியது. 2017இல் சரவாக்கில் பரவத் தொடங்கி மனித உயிர்களையும் பறித்தது. அறிகுறி தோன்றிய பிறகு இந்நோய்க்கு மருந்தில்லை என்றே சொல்ல வேண்டும். எந்த நாய் கடித்தாலும், சொந்த நாயே ஆனாலும், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக் கட்டிவிட்டு இருந்துவிடாதீர்கள்.

தனியார் கிளினிக்குகளில் கட்டணம் இடத்துக்கு இடம் மாறும். இரண்டு மூன்று இடங்களில் தொலைபேசியில் கேட்டுப் பாருங்கள். மாவட்டத்தில் உள்ள அரசாங்கக் கால்நடை அலுவலகத்தையும் விசாரியுங்கள். செர்டாங்கில் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை உண்டு. மாதந்தோறும் ஒரு சிறு தொகையை நாய்க்கென்று எடுத்து வைக்கும் பழக்கம் நல்லது. பெரிய செலவு வருவது பெரும்பாலும் மாதக் கடைசியில்தான்!

சொறி வந்தால் பழைய என்ஜின் எண்ணெயைப் பூசும் வழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. நாய் அதை நக்கும், விஷம் உள்ளே போகும், தோலும் வெந்துவிடும். உண்ணிக்குத் தோட்டத்துப் பூச்சிமருந்தைக் கரைத்துக் குளிப்பாட்டுவதும் அப்படித்தான். காய்ச்சல் என்று பனடோல் கொடுப்பது ஈரலைக் கெடுக்கும். உண்ணிக் காய்ச்சல் நம் நாட்டில் சர்வசாதாரணம். நாய் சோர்ந்து, சாப்பிடாமல், ஈறு வெளுத்துப் போனால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். உண்ணி வராமலிருக்க மாதம் ஒருமுறை கொடுக்கும் மருந்துகள் இப்போது கிடைக்கின்றன. கொசு மூலம் பரவும் இதயப்புழுவுக்கும் தடுப்பு மருந்து உண்டா என்று அப்படியே கேட்டுவிடுங்கள்.

செம்பனைத் தோட்ட ஓரத்தில் வசிப்பவர்களுக்கு

உங்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். செம்பனைத் தோட்டங்களில் எலியைக் கொல்ல விஷக் கட்டிகள் வைப்பார்கள். அவற்றில் பல, ரத்தம் உறையாமல் செய்யும் விஷம். நாய் அந்தக் கட்டியைத் தின்றாலும், விஷம் தின்ற எலியைத் தின்றாலும் ஆபத்து. அறிகுறி அன்றே தெரியாது. சில நாள் கழித்து ஈறிலும் மூக்கிலும் ரத்தம் கசியும். விரைந்து கொண்டு போனால் வைட்டமின் கே கொடுத்துப் பல நாய்களைக் காப்பாற்ற முடியும். கட்டியின் உறையோ பெயரோ கிடைத்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

காட்டுப் பன்றிக்கு வைக்கும் கம்பிக் கண்ணியில் காலை இழந்த நாய்களும் உண்டு. எலி இருக்கும் இடத்துக்கு நாகமும் வரும். நாகம் கண்ணில் விஷத்தைப் பீய்ச்சினால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும், பிறகு மருத்துவர். எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும், மனிதருக்கும் வரும். இவ்வளவும் சேர்த்துப் பார்த்தால், ‘தோட்டம்தானே, அவிழ்த்து விட்டுவிடலாம்’ என்பது அன்பாகாது என்பது புரியும்.

அதற்காக நாள் முழுதும் சங்கிலியில் கட்டிப் போடுவதும் தீர்வல்ல. கட்டியே கிடக்கும் நாய் குணம் கெட்டுப் போகும். கிட்டே வரும் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் அந்த நாய்தான். கேட்டுக்குள் அவிழ்த்து விடுங்கள். காலையும் மாலையும் வெயில் ஏறாத நேரத்தில் அரைமணி நேரம் நடத்திக்கொண்டு போங்கள். நம்மில் சர்க்கரை உள்ளவர்களுக்கும் அது நல்லதுதான்.

சாப்பாடு

மிச்சச் சாம்பாரையும் கோழிக் கறியையும் ஊற்றி வளர்த்தவர்கள்தாம் நாம். ஆனால் வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களை அழிக்கும். நம் சமையலில் இவை இரண்டும் இல்லாத குழம்பு எது? உப்பும் காரமும் வேறு. பாயசத்தில் போடும் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட்டும் விஷம். வேகவைத்த கோழி எலும்பு ஊசிபோல் உடைந்து குடலைக் குத்தும். மாட்டுப் பால் பல குட்டிகளுக்குப் பேதியாகும்.

கடையில் விற்கும் நாய் உணவே சுலபம். வீட்டில் செய்வதானால், உப்பும் வெங்காயமும் சேர்க்காமல் வேகவைத்த கோழி இறைச்சி, சோறு, பூசணி, கேரட் கொடுக்கலாம்; ஆனால் எல்லாச் சத்தும் அதிலேயே கிடைத்துவிடாது என்பதால் மருத்துவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள். குட்டிக்கு நாளைக்கு மூன்று நான்கு வேளை, வளர்ந்த நாய்க்கு இரண்டு வேளை. தண்ணீர் எப்போதும் நிழலில் இருக்க வேண்டும்.

கருத்தடை

இதைச் சொன்னால் ‘பாவம்’ என்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஒரு பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை குட்டி போடக்கூடும். எல்லாவற்றையும் வளர்க்க வீடு கிடைக்காது. பாசார் ஓரத்திலும் கோயில் வாசலிலும் அட்டைப் பெட்டியில் குட்டிகளை வைத்துவிட்டுப் போவது யார்? பைரவர் கோயிலில் கொண்டு போய் விட்டால் புண்ணியம் என்று எண்ணுவதும் தவறு. கோயில் பூசாரி கால்நடை மருத்துவர் அல்லர். ஆறு மாத வாக்கில் கருத்தடை செய்வது பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். பெட்டை நாய்க்குப் பிற்காலத்தில் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து உயிர் போகும் ஆபத்தும் இதனால் நீங்கும்.

பட்டாசு நாள்கள்

தீபாவளி, சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் என்று வெடிச் சத்தத்துக்கு நம் நாட்டில் குறைவில்லை. பயந்த நாய் சுவரேறிக் குதித்து ஓடிவிடும். அந்த இரவுகளில் மாலையிலேயே நடத்திக் கொண்டு வந்துவிட்டு, வீட்டுக்குள் ஓர் அறையில் விசிறியையோ தொலைக்காட்சியையோ போட்டு வையுங்கள். காணாமல் போனால் மறுநாள் காலையிலேயே ஊராட்சி மன்றத்தின் நாய்க் காப்பிடத்துக்கும் பக்கத்துக் கிளினிக்குகளுக்கும் போய்க் கேளுங்கள்; காத்திருக்கும் ஒவ்வொரு நாளும் அதற்குப் பாதகம்.

வீடு மாற நேர்ந்தால் நாயைப் பழைய லயத்திலோ காலி வீட்டிலோ விட்டுவிட்டுப் போகாதீர்கள். அது அந்த வாசலிலேயே காத்துக் கிடக்கும். இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே உறவினரிடமும் நண்பர்களிடமும் சொல்லி வையுங்கள். படமும் தடுப்பூசி அட்டையும் கருத்தடை செய்த சான்றும் இருந்தால் வேறு வீடு கிடைப்பது எளிது. காப்பகங்கள் பெரும்பாலும் நிரம்பியே இருப்பதால் கடைசி வாரத்தில் அவர்களை அழைப்பதில் பலனில்லை.