சிறைக்குப் போனவர் கணக்குப் பார்க்கக் கூடாதா?



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் பாடம் நடத்துகிற ஆள் நான் என்பது உங்களுக்குத் தெரியும்தானே, பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன வாரம் என் பழைய மாணவி ஒருத்தி போன் செய்தாள். மகள் ப்ளஸ் டூ முடித்துவிட்டாள், சி.ஏ. படிப்பேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாளாம். "வீட்டில் எல்லாரும் வேண்டாம் என்கிறார்கள் சார். அது வருஷக்கணக்கில் எழுதிக்கொண்டே இருக்கிற பரீட்சை, பெண் பிள்ளைக்கு எதற்கு என்கிறார்கள். நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டாள். எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அன்று இரவு படுத்தபோது நினைவுக்கு வந்தவர் ஆர். சிவபோகம்.

அவர் கதைக்கு முன் ஒரு சின்னப் பின்னணி. 1906 அக்டோபரில் மதராஸில் ஆர்பத்நாட் அண்டு கோ என்ற பெரிய வெள்ளைக்கார நிறுவனம் ஒரே நாளில் கதவைச் சாத்தியது. வக்கீல், குமாஸ்தா, விதவை, பென்ஷன்காரர் என்று ஆயிரக்கணக்கானோர் அங்கே பணம் போட்டிருந்தார்கள். சர் ஜார்ஜ் ஆர்பத்நாட் சிறைக்குப் போனார், ஆனால் போட்ட பணத்தில் பெரும்பகுதி போனது போனதுதான். அது பங்குதாரர்கள் சேர்ந்து நடத்திய கூட்டு வணிகம். வெளியாள் ஒருவர் வந்து கணக்கைப் பார்க்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. அந்த வீழ்ச்சியின் சூட்டில்தான் வி. கிருஷ்ணசுவாமி ஐயர் முன்னின்று 1907இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார். சிவபோகம் பிறந்ததும் அதே 1907தான். இதற்கு அர்த்தம் ஒன்றும் இல்லை, வரலாறு படிக்கிறவனுக்கு இப்படி இரண்டு தேதிகள் பக்கத்தில் வந்தால் ஒரு சந்தோஷம், அவ்வளவே.

1913ஆம் ஆண்டு கம்பெனிச் சட்டம் எந்தெந்தப் புத்தகங்களை வைக்க வேண்டும், ஆடிட்டரை எப்படி நியமிக்க வேண்டும் என்று வரையறுத்தது. சரி, யார் ஆடிட்டர்? மாகாண அரசு சான்றிதழ் கொடுத்தவர்தான். 1918இல் பம்பாயில் ஜி.டி.ஏ. என்ற அரசாங்க டிப்ளமா வந்தது. அங்கீகாரம் பெற்ற ஒரு கணக்காளரிடம் மூன்று வருஷம் பயிற்சி, அதோடு தேர்வு. இரண்டும் முடிந்தால் நாடு முழுவதும் தணிக்கை செய்யும் சான்றிதழ் கிடைக்கும். இன்று பிள்ளைகள் ஆர்ட்டிகிள்ஷிப் என்று சொல்வதன் வேர் இதுதான். அந்த நாளில் பயிற்சிக்குச் சேருகிறவன்தான் ஆடிட்டருக்குப் பிரிமியம் என்று பணம் கட்டுவான். இன்று ஆடிட்டர்தான் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்க வேண்டும். (தொகையைக் கேட்காதீர்கள், பஸ் செலவுக்குச் சரியாகப் போகும் என்று ஒரு மாணவன் சிரித்தான்.) 1932இல் விதிகள் மறுபடி மாறின. இந்திய அரசே ஒரு பதிவேட்டை வைத்துக்கொண்டது. அதில் பெயர் ஏறினால்தான் பதிவு பெற்ற கணக்காளர்.

அந்தப் பதிவேட்டில்தான் சிவபோகத்துக்குச் சிக்கல் வந்தது.

அவர் மதராஸில் லேடி வெலிங்டன் பள்ளியிலும் ராணி மேரி கல்லூரியிலும் படித்தவர். சிஸ்டர் சுப்புலட்சுமியின் வழிகாட்டலில் வளர்ந்தவர். காந்தி அழைத்த சட்ட மறுப்பு இயக்கத்தில் இறங்கி, ஓராண்டு வேலூர்ச் சிறையில் இருந்தார். கணக்கியல் படிப்பது என்று அவர் முடிவெடுத்தது அந்தச் சிறைக்குள்தான். வெளியே வந்து 1933இல் ஜி.டி.ஏ. தேறினார். அதில் தேறிய முதல் பெண் அவர். சி.எஸ். சாஸ்திரி என்ற ஆடிட்டரிடம் பயிற்சி எடுத்தார். தேர்வு முடிந்தது, பயிற்சி முடிந்தது, பதிவு ஒன்றுதான் பாக்கி. அங்கே ஒரு விதி குறுக்கே நின்றது. சிறைத் தண்டனை அனுபவித்தவர் கணக்காளராகப் பதிய முடியாது!

ஒரு விதத்தில் அந்த விதிக்கு நியாயம் உண்டு. பிறர் பணத்துக்குச் சாட்சி சொல்ல வருகிறவன் திருடனாக இருக்கக் கூடாது அல்லவா? ஆனால் உப்புக்கும் கதருக்கும் சிறை போனவரையும், கல்லாவில் கை வைத்துச் சிறை போனவரையும் ஒரே பேரேட்டில் எழுதினால் அது தப்பான பதிவு. நம் வகுப்பில் இதைப் பிழைத் திருத்தம் என்ற பாடத்தில் நடத்தியிருக்கிறேன். சிவபோகம் வழக்குப் போட்டார். தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 1937இல் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இந்தியாவின் முதல் பெண் ஆடிட்டர், கதர்ப் புடவையில்.

லண்டனில் மேரி ஹாரிஸ் ஸ்மித் என்ற அம்மையார் 1891இல் விண்ணப்பித்து, பெண் என்பதற்காகவே மறுக்கப்பட்டு, 1920இல்தான் உள்ளே சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. அந்தக் கணக்கில் பார்த்தால் நம் சிவபோகம் சீக்கிரமே ஜெயித்துவிட்டார்.

சுதந்திரத்துக்குப் பிறகு, 1949 ஜூலை 1ஆம் தேதி பட்டயக் கணக்காளர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அரசிடம் இருந்த பொறுப்பு, தொழில் செய்கிறவர்களே நடத்தும் இன்ஸ்டிடியூட்டுக்குப் போனது. ஜி.பி. கபாடியா முதல் தலைவர். 1955 முதல் 1958 வரை அதன் தென்னிந்திய மண்டலக் கவுன்சிலுக்குத் தலைமை ஏற்றது யார் தெரியுமா? முன்பு பதிவுக்கே தகுதியில்லை என்று நிறுத்தப்பட்ட அதே சிவபோகம். முதல் முயற்சியிலேயே இறுதித் தேர்வில் சிறப்பாகத் தேறும் பெண்ணுக்கு ஒரு பரிசும் ஏற்படுத்தினார். 1966இல் காலமானார்.

இப்போது என் விஷயம். போன் செய்தாளே அந்த மாணவி, அவள் என் வகுப்பில் கணக்குப்பதிவியலில் புலி. ஐந்தொகை இரண்டு பக்கமும் சரியாக வரவில்லை என்றால் சாப்பிட மாட்டாள். பி.காம் முடித்த கையோடு அவள் அப்பா, அரிசி மண்டியில் கணக்கு எழுதியவர், அவளைக் கூட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். "சி.ஏ.ன்னு சொல்றா சார், திருச்சியில தங்கி மூணு வருஷம் பயிற்சியாம். அனுப்பலாமா?" நான் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. "எதுக்குங்க ரிஸ்க், பி.எட். போடுங்க" என்றேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அவள் ஒன்றும் பேசவில்லை. நல்ல ஆசிரியையாகத்தான் இருக்கிறாள், அதில் குறையில்லை. ஆனால் நான் அன்று பார்த்தது அவள் மார்க்கை அல்ல. அவள் பெண் என்பதையும் அப்பாவின் சட்டையையும்தான் பார்த்தேன். சிவபோகம் என்ற பெயர்கூட அன்று எனக்குத் தெரியாது. வணிகவியல் வாத்தியார் நான்!

நேற்று அவளைத் திருப்பி அழைத்தேன். முதலில் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் எப்பவோ மறந்தாச்சு சார்" என்றாள், கொஞ்சம் தாமதித்து. பிறகு விவரம் சொன்னேன். முதலில் ஃபவுண்டேஷன், நான்கு தாள். ஒவ்வொன்றிலும் நாற்பது, மொத்தத்தில் ஐம்பது சதவீதம் வேண்டும். அடுத்து இன்டர்மீடியட், இரண்டு குரூப், ஆறு தாள். இரண்டு குரூப்பும் முடித்தபின் ஆர்ட்டிகிள்ஷிப். மூன்று வருஷமாக இருந்ததை இப்போது இரண்டாகக் குறைத்துவிட்டார்கள். அதன்பின் ஃபைனல், அதிலும் ஆறு தாள். குரூப் போய்விட்டாலும், அறுபதுக்கு மேல் வாங்கிய தாளை அடுத்த மூன்று முயற்சிகளுக்குத் திரும்ப எழுத வேண்டியதில்லை. தோற்றுத் தோற்று எழுதுகிறவர்கள் உண்டு, அதை மறைக்கவில்லை. எத்தனை முறை என்று இப்போதே வீட்டில் பேசி வைத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை மகளோடும் வீட்டுக்காரரோடும் வருகிறாள். அவர்தான் இன்னும் தயங்குகிறாராம். திருச்சி, கோவைப் பக்கம் ஆடிட்டராக இருக்கும் என் மாணவர்கள் யாராவது அன்று காலை பத்து மணிக்கு மேல் பத்து நிமிஷம் அவரோடு போனில் பேச முடியுமா? பெண் பிள்ளைகள் யாராவது பேசினால் இன்னும் நல்லது. கீழே ஒரு வார்த்தை எழுதுங்கள், நானே அழைக்கிறேன்.