மொரப்பூர் - தருமபுரி: தண்டவாளம் போனது, நிலம் என்ன ஆனது?

சென்னையிலிருந்து சேலம் போகும் ரயிலில் மொரப்பூரில் இறங்குபவர்கள் பெரும்பாலும் தருமபுரிக்குப் போகிறவர்கள்தான். ஸ்டேஷனுக்கு வெளியே வந்து பஸ் பிடிக்க வேண்டும். ரயிலிலேயே போவதென்றால் சேலம் வரை போய்ச் சுற்றி வர வேண்டும். ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன்பு இங்கிருந்து தருமபுரிக்கு நேராகவே ரயில் ஓடியது என்றால் நம்புவீர்களா?

1876-78 பஞ்சத்தில் அன்றைய சேலம் மாவட்டம் கடுமையாகப் பாதிக்கப்பட்டது. மழை பொய்க்கும் பகுதிகளுக்குத் தானியம் போய்ச் சேர ரயில் பாதை வேண்டும் என்று 1880-ல் பஞ்சக் கமிஷன் சொன்னது. அந்த நோக்கில் போடப்பட்ட பாதைகளில் ஒன்றுதான் மொரப்பூர் - தருமபுரி. இரண்டரை அடி அகலமே உள்ள குறுகிய பாதை. 1906-ல் திறக்கப்பட்டு, 1913-ல் ஓசூர் வரை நீண்டது. மொத்தம் 73 மைல்.

இரண்டாம் உலகப்போர் வந்தது. இரும்புக்குத் தேவை அதிகமானது. 1941-ல் பாதை மூடப்பட்டுத் தண்டவாளங்கள் பெயர்க்கப்பட்டன. பக்கத்திலிருந்த திருப்பத்தூர் - கிருஷ்ணகிரி பாதைக்கும் அதே கதிதான்.

தண்டவாளம் போனது, நிலம் போகவில்லை. ரயில் ஓடிய அந்த நீண்ட துண்டு நிலம் அரசு கணக்கில் இருந்துகொண்டே இருந்தது. ஆனால் பயன்படுத்தாத நிலம் சும்மா கிடக்காது. ஊர் வளர வளர அதன் மேல் வீடுகளும் பாதைகளும் வந்துவிட்டன. பின்னாளில் சேலம் - பெங்களூரு பாதை வந்து தருமபுரிக்கு மறுபடி ரயில் கிடைத்தது. மொரப்பூர் இணைப்பு மட்டும் கோரிக்கையாகவே நின்றது.

2016-17 ரயில்வே பட்ஜெட்டில் 36 கிலோமீட்டர் புதிய பாதைக்கு ஒப்புதல் கிடைத்தது. 2019 மார்ச்சில் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்குப் பிறகும் நிலம் எடுக்கும் வேலையிலேயே ஆண்டுகள் ஓடின. ஒரு காலத்தில் கையில் இருந்த வழியை விட்டுவிட்டு, விவசாயிகளிடமும் வீட்டுக்காரர்களிடமும் புதிதாக நிலம் கேட்க வேண்டிய நிலை.

இது ஒரு ஊரின் கதை மட்டுமல்ல. இந்திய ரயில்வேயிடம் சுமார் 4.9 லட்சம் ஹெக்டேர் நிலம் இருக்கிறது. அதில் 50,000 ஹெக்டேருக்கு மேல் காலி. காலி நிலத்தை வருமானமாக்கவே ரயில் நில மேம்பாட்டு ஆணையம் அமைக்கப்பட்டது. வேலை மெதுவாக நடப்பதற்குக் காரணமும் உண்டு. காலி நிலத்தில் பெரும்பகுதி தண்டவாளத்தை ஒட்டிய ஒடுக்கமான துண்டுகள். கட்டடம் கட்ட உதவாது, எதிர்காலப் பாதைக்கு வேண்டும் என்று விற்கவும் முடியாது.

நியூயார்க்கில் 1980-ல் கடைசி சரக்கு ரயில் ஓடிய ஒரு மேம்பாலப் பாதை, 2009-ல் 'ஹை லைன்' பூங்காவாகத் திறக்கப்பட்டது. அங்கேயும் 29 ஆண்டுகள் ஆயின. ஆனால் வழி கை விட்டுப் போகவில்லை.

கணக்குப் புத்தகத்தில் நிலத்துக்குத் தேய்மானம் கிடையாது என்பார்கள். மொரப்பூரைப் பார்த்தால் அது முழு உண்மை இல்லை என்று தோன்றுகிறது. கவனிக்காமல் விட்ட நிலமும் தேயும். அந்தச் செலவை, மொரப்பூர் ஸ்டேஷனில் இறங்கி தருமபுரி பஸ்ஸுக்குக் காத்து நிற்பவர்கள் இன்றும் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.